ஊசி போட்ட கையால்தான் வளையல்

என் வளைகாப்புக்கு நான் ஒரு நிபந்தனை வைத்தேன். எனக்கு வளையல் போட வருகிறவர்கள் கொரோனா ஊசி போட்டிருக்க வேண்டும். போடாதவர்கள் வரலாம், வாசல் பந்தலில் உட்காரலாம், சாப்பிடலாம், வாயார வாழ்த்தலாம். என் கன்னத்தில் சந்தனம் தடவுவதும் கையைப் பிடித்து வளையல் ஏற்றுவதும் மட்டும் கூடாது. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் இன்றைக்கும் என்னை அடையாளம் சொல்ல வேண்டுமென்றால், "வளைகாப்புக்குச் சட்டம் போட்டாளே, அவ" என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அதே நிலைமை நாளைக்கே வந்தாலும் அதே சட்டத்தைத்தான் போடுவேன்.

காரணம் இல்லாமல் போடவில்லை. நான் வேலை பார்த்த நூல் மில் அலுவலகத்தில் எனக்கு அடுத்த நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள். இரண்டாம் அலை வந்த சமயம் அவளுக்கு எட்டாம் மாதம். வீட்டோடு சின்னதாக வைத்துக்கொள்கிறோம் என்று வளைகாப்பு நடத்தினார்கள். சொந்தக்காரர்களை வர வேண்டாம் என்று யார் வாயால் சொல்வது? வீடு கொள்ளாத கூட்டம் வந்துவிட்டது. சில நாளில் அவளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பிள்ளையைக் காப்பாற்றினார்கள். பிள்ளையின் முகத்தைத் தாய் பார்க்கவில்லை. துக்கம் கேட்கப் போனபோது, ஆஸ்பத்திரியில் அவள் கையிலிருந்து கழற்றிக் கொடுத்த கண்ணாடி வளையல்கள் ஒரு கேரி பேக்கில் சன்னல் கம்பியில் தொங்கின. அதை எடுத்து உள்ளே வைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை, தூரப் போடவும் மனம் வரவில்லை. அப்போது எனக்கு மூன்றாம் மாதம். திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கர்ப்பிணிகளும் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்ததும் நான் வீட்டில் சொன்னேன். என் மாமியார் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏட்டி, வயித்துப் பிள்ளக்காரிக்கு ஊசி எதுக்குட்டி? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என் மகனுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அவர் மகன், அதாவது என் வீட்டுக்காரர், ராணுவத்தில் இருக்கிறார். அப்போது வடக்கே ஏதோ ஒரு மலையில். போனில் கேட்டதற்கு, "எங்கள வரிசையில நிக்க வச்சுப் போட்டாங்க. யாரு கேட்டா? உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் அம்மாவுக்குச் சொன்னேன். அவள் ஒப்பாரி வைக்காத குறை. ஊசி வேண்டாம் என்றும் அழுதாள், ஊசி போடாமல் எனக்கு ஏதாவது வந்துவிட்டால் என்றும் அழுதாள். அப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்ததால் தலைப்பிரசவத்துக்கு என்னை அழைத்துப்போக முடியவில்லை என்பதற்கும் சேர்த்து அழுதாள்.

ஆட்டோ பிடித்து நானே போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காய்ச்சல் வந்தது. அதை மறைக்க நான் தயாராக இல்லை. உடம்பு அடித்துப் போட்டது போல வலித்தது. கை வீங்கி, ஜாக்கெட்டைக் கழற்ற முடியவில்லை. அதைவிட மோசம், முந்தின வாரம்தான் லேசாகத் துடிக்க ஆரம்பித்திருந்த பிள்ளை அன்று காலையிலிருந்து அசையவே இல்லை. நான் பயந்தேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. மாமியார் பூஜை அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டே வேண்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் வாயைத் திறக்காமல் வேலையைப் பார்த்தவள் என் மதினி ஒருத்திதான். என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷனை இழந்து அந்த வருஷம்தான் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். நர்ஸ் கொடுத்த மாத்திரையைக் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தாள். என்னை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அவள் கைக்கு அடியில்தான் பிள்ளை மறுபடி உதைத்தது.

"சொன்னேனே, கேட்டியா" என்ற ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்க அந்த வீட்டிலேயே அவளுக்குத்தான் உரிமை அதிகம். ஏனென்றால் அவள் புருஷன் ஊசி போட்ட சில நாளில் செத்தவர்.

அவர் சோழபுரம் பக்கம் தென்னந்தோப்புக் குத்தகை எடுத்துக் காய் வெட்டி விற்றுக்கொண்டிருந்தார். ஊசி வந்த ஆரம்பத்தில் ஒரு முகாமில் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு நாள் தோப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. ஊசிதான் கொன்றது என்று அவர் பக்கத்துச் சொந்தமெல்லாம் சொன்னது. ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று முகாம் நடத்தியவர்கள் சொன்னார்கள். இரண்டு கட்சியுமே மதினியிடம் வந்து என்ன நடந்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான்.

காய்ச்சல் விட்டு நான் வேலைக்குப் போனதும் மில்லில் ஊசி முகாம் ஏற்பாடு செய்திருந்தார்கள். பெண் தொழிலாளிகள் யாரும் பேர் கொடுக்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியே போட்டிருக்கிறாள் என்று என்னைக் காட்டினால் வருவார்கள் என்று மில் மேனேஜருக்கு யோசனை தோன்றியிருக்கிறது. "எனக்கு ஒண்ணுமே ஆகலைன்னு மட்டும் சொல்லுங்கம்மா, போதும்" என்றார். நான் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கேன்டீன் பெஞ்சில் ஏறி நின்று, எனக்குக் காய்ச்சல் வந்தது, கை வீங்கியது, பிள்ளை அசையாமல் கிடந்து உயிர் போய் உயிர் வந்தது, அடுத்த ஊசிக்கும் போவேன், ஏனென்றால் எனக்குப் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்கிறது என்று சொன்னேன். அந்த மனிதர் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆனால் பெண்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். காய்ச்சல் எம்புட்டு நேரம் இருந்தது, மாத விலக்குத் தள்ளிப் போகுமா, வலிக்கு என்ன போட்டாய், லீவு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்களா. கடைசிக் கேள்விக்கு நான் அந்த மனிதரைத் திரும்பிப் பார்த்தேன். பிடிக்கமாட்டோம் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதன் பிறகுதான் வரிசை நின்றது.

இது தெருவுக்கு வந்து, மதினி காதுக்கும் வந்திருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் பார்த்தார்கள். நான் என் சட்டத்தைச் சொன்னேன். மாமியார் கத்தினார், நானும் கத்தினேன். கேரி பேக்கில் தொங்கிய வளையலைப் பற்றிச் சொன்ன பிறகு அவர் கத்துவதை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார். அங்கேதான் கெட்டது குடி. எங்கள் பக்கத்தில் சுபகாரியத்துக்குப் போனில் அழைக்கிற பழக்கம் கிடையாது. பெண்கள் இரண்டு பேராவது வீட்டுக்குப் போய், குங்குமம் கொடுத்துக் கூப்பிட வேண்டும். கொரோனா காலமாயிற்றே என்று மாமியார் எல்லோருக்கும் போன் போட்டார். போட்டதோடு விட்டாரா? சுற்றி வளைக்கத் தெரியாத மனுஷி, "வளைகாப்பு வச்சிருக்கோம், ஊசி போட்டாச்சா?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். சோழபுரத்துப் பெரியம்மா, "அழைக்கிறியளா, செக்கிங் பண்ணுறியளா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார். சாயங்காலத்துக்குள் பாதிச் சொந்தம் எங்களோடு பேசவில்லை.

எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. மதினி கேட்டதுதான் உறைத்தது. கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அப்ப நானும் வெளியதானட்டி?"

கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"எங்கம்மா தாலி இல்லன்னு அடுப்படியில இருக்கச் சொல்லுதா. நீ ஊசி இல்லன்னு வாசல்ல இருக்கச் சொல்லுத. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. "வித்தியாசம் இருக்கு மதினி. தாலியை நான் கொண்டுவர முடியாது. ஊசி ஆஸ்பத்திரியில இருக்கு" என்றேன்.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு சில நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வந்தது, இளநீர் வந்தது, பேச்சு வரவில்லை. நான் இறங்கிப் போகவில்லை. எப்படி இறங்குவது? பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் என்னோடு இருக்கப் போகிறவள் அவள்தான். சர்க்கரை உடம்பு வேறு. அந்த நோய் அவளுக்கு வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளையை என்னோடு சேர்ந்து வளர்க்க அவள் எனக்கு வேண்டும். அதைக் கெஞ்சிக் கேட்க எனக்கு வரவில்லை, சண்டை போட்டுக் கேட்கத்தான் வந்தது.

வளைகாப்புக்கு முந்தின நாள், ஏழு வகைச் சாதத்துக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று பேசினாள்.

"மில்லுல உள்ளதை உள்ளபடி சொன்னியாமே."

"ஆமா."

"என் விஷயத்துல உள்ளதைச் சொல்ல யாராச்சும் இருக்காகளா? இருந்தா வாரேன். இல்ல, போட்டுக்கோ போட்டுக்கோன்னு முதுகைத் தள்ளுறதுக்குன்னா நான் வரல."

அரிசியை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினோம்.

சுகாதார நிலையத்தில் நல்ல கூட்டம். எங்கள் முறை வந்ததும் நர்ஸ் கையைக் காட்டச் சொன்னார். மதினி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, டாக்டரிடம் பேச வேண்டும் என்றாள். "பின்னாடி எம்புட்டுப் பேரு நிக்காக, பாருங்க" என்றார் நர்ஸ். நிற்கட்டும் என்று நான் சொன்னேன். ஏழு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு வழியை மறித்து நிற்பவளை யாராலும் நகர்த்த முடியாது. பின்னால் ஒரு ஆள், "ஏம்மா, இது என்ன உன் வீட்டு வாசலா?" என்றார். "உங்க வீட்டுல ஒருத்தர் செத்திருந்தா நீங்களும் நின்னு கேட்பீங்க" என்றேன். சத்தம் கேட்டு டாக்டரே வெளியே வந்தார். சின்ன வயதுப் பெண். வேலை பார்த்துப் பார்த்துக் கண் குழி விழுந்திருந்தது. எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

மதினி எல்லாவற்றையும் சொன்னாள். புருஷன் ஊசிக்கு வர மாட்டேன் என்றது, பீடி குடிப்பது, பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியது. கடைசியில் நான் கேள்விப்படாத ஒன்றையும் சொன்னாள்.

"அவருக்கு இஷ்டமே இல்லம்மா. நான்தான் சண்டை போட்டு இழுத்துட்டுப் போனேன். நான்தான் கொன்னுட்டேனான்னு எனக்குத் தெரியணும்."

இத்தனை மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எப்போது ஊசி போட்டது, வலி எங்கே வந்தது, மூச்சு வாங்கியதா, கால் வீங்கியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "எனக்குத் தெரியலம்மா. ஊசியால ஒண்ணும் வராதுன்னு சொன்னா அது பொய். ரொம்ப அபூர்வமா சிலருக்குப் பிரச்சினை வந்திருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு அதுதானான்னு அன்னைக்கே பார்த்திருக்கணும். யாரும் பார்க்கல. பீடி, பிரஷர், இதுலயும் இப்படி வரும். ஆனா நல்லா இருக்கணும்னு கூட்டிட்டுப் போனீங்க, அது கொலை இல்ல. அன்னைக்கு யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. இன்னொண்ணு எனக்கு நல்லாத் தெரியும். இந்தச் சர்க்கரையோட உங்களுக்குக் கொரோனா வந்தா, ஊசியால வர்ற ஆபத்தைவிட அது பல மடங்கு பெருசு. முடிவு உங்களது. வேண்டாம்னு எழுந்து போனாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்."

மதினி அழுதாள். புருஷன் செத்த வீட்டில் அத்தனை பேர் பார்க்க அழுத அழுகை வேறு, இது வேறு. நான் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெரியாது என்று ஒரு படித்த வாய் சொல்லக் கேட்க அவள் இத்தனை மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? சர்க்கரையும் பிரஷரும் பார்த்தார்கள். பிறகு மதினி முந்தானையை விலக்கி இடது தோளைக் காட்டினாள். அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துத்தான் அனுப்பினார்கள்.

அடுத்த அலையில் அவளுக்கும் கொரோனா வந்தது. இருமிக்கொண்டே நடமாடினாள், தேறிவிட்டாள். ஊசிதான் காப்பாற்றியதா என்று கேட்டால் நான் ஆமாம் என்பேன். அவள் புருஷன் எதனால் போனார் என்று கேட்டால் தெரியாது என்பேன். இரண்டையும் ஒரே வாயால் சொல்லக் கூடாது என்று இன்றும் எனக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

மதினி ஊசி போட்ட மறுநாள் வளைகாப்பு. பந்தலில் போட்ட நாற்காலிகளில் பாதி காலி. தளவாய்புரத்துச் சித்தி மட்டும் பஸ் பாஸ் காட்டுவது போலப் போனில் சான்றிதழைத் திறந்து காட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "பார்த்துக்கோட்டி, ரெண்டும் போட்டாச்சு. இனி கன்னத்தைக் காட்டு" என்றார். என் அம்மா பால்கோவாவோடு வந்திருந்தாள். வர மாட்டேன் என்ற சோழபுரத்துப் பெரியம்மாவும் வந்து, வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, உள்ளே நடப்பதையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வழக்கத்தில் கண்ணாடி வளையலுக்கு முன்னால் வேப்பங்கொழுந்தை வளைத்துக் கட்டிய காப்பைப் போடுவார்கள். திருஷ்டியும் நோயும் அண்டாமல் இருக்க. மாமியார் அதை எடுத்துச் சித்தியிடம் நீட்டினார். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"மதினி வரட்டும்" என்றேன்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமியார் முகம் சுருங்கிவிட்டது. குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "ஏட்டி, ஊசி போட்டா ஆச்சா? அவ பூவும் பொட்டும் இல்லாதவட்டி. எனக்கு மட்டும் ஆசையில்லையா? பெத்தவட்டி நான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒருவேளை அதனால்தான் நான் அவரிடம் கத்தவில்லை.

"அத்தே, கை என்னுது. ஊசி போட்ட கையால்தான் வளையல்னு சொன்னேன். வேற எதுவும் சொல்லல" என்றேன். இது எல்லோருக்கும் கேட்டது.

வாசலிலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார். "நேத்துப் போட்ட ஊசிக்கு இன்னைக்கே மவுசா? அது வேலை செய்யவே நாள் ஆகும்னு டிவியில சொல்லுதான்."

"ஆகும்தான் பெரியம்மா. ஒரே வீட்டுல ஒரே காத்தைத்தான் இழுத்துக்கிட்டு இருக்கோம், இன்னைக்குப் புதுசா ஒண்ணும் வந்துறாது. புருஷன் அப்படிப் போன பொறவும் துணிஞ்சு போட்டுக்கிட்டவ அவ. உங்களுக்கு என்ன பயம், சொல்லுங்க, கேட்கேன்" என்றேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள். போகட்டும் என்று சித்தி சத்தமாகவே சொன்னார். மாமியார் அந்த வேப்பிலைக் காப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அடுப்படி வாசலுக்குப் போய்த் தன் மகளிடம் நீட்டினார்.

மதினி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். காப்பு வலது கையில் இருந்தது. இடது கையால் என் விரல்களைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தோளை அசைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கை எழும்ப மாட்டேங்குட்டி" என்றாள். "நெருப்பா வலிக்கி."

அந்த இடது கை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தேன். நலங்கு முடியும் முன்னால் எழுந்திருக்கக் கூடாது, உட்காரு என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். என் அம்மா குரலும் அதில் இருந்தது. நான் உட்காரவில்லை. மதினியின் பக்கத்தில் போய் நின்று, அவள் கை தொங்கிய இடத்துக்கே என் கையை இறக்கிக் கொடுத்தேன். அவள் என் விரல்களை இறுக்கிச் சேர்த்துப் பிடித்து வேப்பிலைக் காப்பை ஏற்றினாள். புறங்கை எலும்பில் அது செத்த நேரம் மாட்டி நின்றது.

"வலிக்குதாட்டி?"

"உங்களுக்கு?"

"வலிக்கத்தான் செய்யுது" என்றாள் மதினி. "நீட்டு, அடுத்த கைய."